வீட்டிலும் இருக்கின்றான் வேலன். பத்துமலைக்கு ஏன் செல்கின்றோம்?

இறைவன் எங்கும் நிறைந்தவன். தூணிலும் இருப்பான், துரும்பிலும் இருப்பான் என்று பிள்ளைப் பருவத்திலேயே நமக்குச் சொல்லி வைத்திருக்கின்றார்கள். நம் இல்லந்தோறும் பூசை அறை இருக்கின்றது. அங்கே வள்ளி தெய்வயானையோடு முருகப்பெருமான் திருவுருவப் படமாக எழுந்தருளியிருக்கின்றான். மாலையில் விளக்கேற்றி, ஊதுவத்தி கொளுத்தி, இரு கரம் கூப்பி நின்றால் அவன் அருள் அங்கேயே கிட்டும் என்பதில் நம்மில் எவருக்கும் ஐயமில்லை. அவ்வாறிருக்க, ஆண்டுக்கு ஒருமுறை தைப்பூசத் திருநாளில் உறக்கத்தைத் துறந்து, கால் வைக்க இடமில்லாத கூட்டத்தில் நெருக்குண்டு, வெயிலில் வெந்து, பத்துமலையின் 272 படிகளையும் ஏறி அவனைக் காணச் செல்வது எதற்காக?

இக்கேள்வியை நாத்திகர் மட்டும் கேட்பதில்லை. நம் வீட்டுப் பிள்ளைகளே கேட்கின்றார்கள். சமயவகுப்பில் நன்கு தேறிய பிள்ளைகள்தாம் இன்னும் கூர்மையாகக் கேட்கின்றார்கள். பெரியவர்கள் பலர் இதற்கு "அப்படித்தான், பேசாமல் வா" என்று விடை கூறி வந்திருக்கின்றோம். அது விடையன்று என்பது நமக்கும் தெரியும், பிள்ளைகளுக்கும் தெரியும்.

கேட்கத் தகுந்த இக்கேள்விக்கு, நாம் விரும்பாத வழியில், காலம் ஒரு சோதனையை நடத்திக் காட்டியது. 2021-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள் வந்த தைப்பூசம் அது. கொரோனா பெருந்தொற்றின் கடுமையான நாட்கள். கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து வெள்ளி ரதம் பத்துமலைக்குச் சென்றது. ஆனால் அடியார் கூட்டம் உடன் செல்லவில்லை. காவடி இல்லை. பால்குட வரிசை இல்லை. தேங்காய் உடைக்க வீதியோரம் எவரும் நிற்கவில்லை. பினாங்கில் ரத ஊர்வலமே நடைபெறவில்லை. சிங்கப்பூரில் சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் ஆலயத்திலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி ஆலயம் வரை செல்லும் பாத ஊர்வலமும் நின்றது. ஆலயங்களில் பூசைகள் முறைப்படி நடந்தன. அபிஷேகமும் அலங்காரமும் குறைவின்றி நடந்தன. அவற்றை நாம் வீட்டிலிருந்தே திரையில் கண்டோம்.

அதாவது, தைப்பூசத்தில் இறைவனுக்குரிய பகுதி அனைத்தும் இருந்தது. மனிதர்கள் ஒருவரையொருவர் காணும் பகுதி மட்டும் எடுக்கப்பட்டிருந்தது. அவ்வாண்டு பூசத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த மூதாட்டி ஒருவர் பின்னர் சொன்னது இதுதான்: வீட்டில் வேலுக்குப் பாலாபிஷேகம் செய்தாராம், சர்க்கரைப் பொங்கல் படைத்தாராம், மனம் நிறையக் கும்பிட்டாராம், ஆனாலும் அந்த ஆண்டு பூசம் வரவே இல்லை என்றுதான் அவருக்குத் தோன்றுகிறதாம். கும்பிட்டதில் குறையில்லை, வந்து சேர வேண்டியது ஏதோ வந்து சேரவில்லை. அந்த 'ஏதோ' என்ன என்பதைத்தான் இக்கட்டுரையில் ஆராய முயல்கின்றேன்.

கடனுக்குச் சாட்சி வேண்டும்

காவடி எடுப்பவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் வேண்டிக்கொண்டது எப்போது? பெரும்பாலும் நள்ளிரவில், மருத்துவமனைத் தாழ்வாரத்தில், தனியே. குழந்தைக்குக் காய்ச்சல் இறங்க வேண்டும், மனைவியின் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிய வேண்டும், மகனுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று எவர் காதிலும் விழாமல் முருகனிடம் மட்டும் சொல்லிக்கொண்ட வார்த்தை அது. பல வேளைகளில் வீட்டாருக்கே பிறகுதான் தெரிய வரும்.

அவ்வளவு அந்தரங்கமாகப் பிறந்த வேண்டுதலை நிறைவேற்றும் இடம் மட்டும் ஏன் நடுவீதியாக இருக்கின்றது? நம் முன்னோர் இதற்கு வைத்த பெயரிலேயே விடை இருக்கின்றது. நேர்த்திக்கடன் என்றார்கள். கடனைத் திருப்பிக் கொடுப்பவன் நாலு பேர் முன்னிலையில் கொடுப்பதுதான் நம் வழக்கம். வாங்கியது இருவருக்குள் இருக்கலாம்; தீர்த்தது ஊருக்குத் தெரிய வேண்டும். கூட்டத்தில் நிற்கின்ற ஆயிரக்கணக்கானவர்களுக்கு அவருடைய வேண்டுதல் என்னவென்று தெரியாது. ஆனால் இவர் ஏதோ ஒரு துன்பத்தைக் கடந்து வந்திருக்கின்றார், அதற்கு நன்றி செலுத்துகின்றார் என்பது தெரியும். அந்த அளவுக்குத் தெரிந்தால் போதும் என்பது எவ்வளவு நாகரிகமான ஏற்பாடு! என்ன துன்பம் என்று எவரும் கேட்பதில்லை. "வேல் வேல்" என்று மட்டும் உடன் முழங்குகின்றார்கள்.

காவடியைத் தனியாக எடுக்கவும் முடியாது. இதனை ஒரு முறையேனும் அருகிருந்து பார்த்தவர்கள் அறிவார்கள். விரதம் இருப்பவர் ஒருவர்தாம். ஆனால் அவருக்காக அந்த வீடு முழுவதும் மரக்கறி உணவுக்கு மாறுகின்றது. பத்துமலை ஆற்றங்கரையில் நீராடி வந்து நிற்கும்போது அவருக்கு விபூதி பூச ஒருவர், அலகு குத்தத் தேர்ந்த ஒருவர், தோளைப் பிடித்துக்கொள்ள ஒருவர், கண்ணை மூடி நிற்கும் அவர் காதருகே முருகன் பாடலைப் பாட நாலைந்து பேர். காவடியின் பாரத்தோடு நடப்பவர் எப்போது தளர்வார் என்று தெரியாது. ஆகவே சிறு முக்காலி ஒன்றைக் கையில் தூக்கிக்கொண்டு ஒருவர் பின்னாலேயே வருகின்றார். அவர் பெரும்பாலும் தம்பியாகவோ மைத்துனராகவோ இருப்பார். புகைப்படங்களில் அவர் வருவதில்லை. தண்ணீர்ப் போத்தலும் எலுமிச்சம்பழமும் துண்டும் சுமந்து வரும் அக்காவும் வருவதில்லை. ஆயினும் இவர்களுள் ஒருவர் இல்லாவிட்டால் காவடி படியேறாது.

காவடியின் தோற்றத்தைக் கூறும் இடும்பன் வரலாற்றிலும் இதே செய்தி இருப்பதாக எனக்குப் படுகின்றது. அகத்தியர் பணித்தபடி இரு குன்றுகளைத் தண்டில் கட்டித் தோளில் சுமந்து வந்த இடும்பன், பழனியில் இறக்கி வைத்து இளைப்பாறினான். பின்னர் அவற்றைத் தூக்க முடியவில்லை. குன்றின்மேல் நின்ற சிறுவனோடு பொருது வீழ்ந்தான். அவன் மீண்டும் உயிர் பெற்றது தன் வலிமையால் அன்று. இடும்பியும் அகத்தியரும் முருகனிடம் அவனுக்காக வேண்டியதால் ஆகும். முதற்காவடி எடுத்தவனுக்கே பரிந்து பேச இருவர் தேவைப்பட்டிருக்கின்றனர்.

இறந்த பெண்ணிடம் சொல்லப்பட்ட காரணம்

மக்கள் ஏன் திருவிழாவுக்குக் கூடுகின்றனர் என்ற கேள்விக்கு நம் இலக்கியத்தில் மிகப் பழைய விடை ஒன்று உண்டு. அது ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. தைப்பூசமும் அதில் இடம் பெற்றுள்ளது.

மயிலாப்பூரில் வாழ்ந்த சிவநேசர் என்னும் வணிகருக்குப் பூம்பாவை என்றொரு மகள் இருந்தாள். அரவு தீண்டி அவள் இறந்தாள். அவளைத் திருஞானசம்பந்தருக்கென்றே எண்ணியிருந்த தந்தை, எரியூட்டிய பின் எஞ்சிய எலும்பையும் சாம்பலையும் ஒரு குடத்தில் இட்டுக் காத்து வைத்திருந்தார். சம்பந்தர் மயிலைக்கு எழுந்தருளியபோது அக்குடத்தைக் கபாலீச்சரத்தின் முன் கொணரச் செய்து பதிகம் பாடினார். பூம்பாவை எழுந்து வந்தாள் என்பது சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் விரித்துரைக்கும் வரலாறு.

அந்த அற்புதம் நமக்குத் தெரிந்ததே. நாம் நின்று நோக்க வேண்டியது, சம்பந்தர் அவளிடம் என்ன சொல்லி அழைத்தார் என்பதை. உயிர் நிலையாமையைப் பற்றி அவர் பேசவில்லை. தந்தையின் கண்ணீரைக் கூடச் சொல்லவில்லை. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழித் திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று மயிலையின் திருவிழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இவற்றைக் காணாமற் போவதற்கு மனம் வருமா என்னும் பொருள்படப் பாட்டுக்குப் பாட்டு கேட்கின்றார். அடியார்களுக்கு அமுது படைக்கும் காட்சியையும் அவ்வரிசையில் வைக்கின்றார். இறந்தவளைத் திரும்ப அழைக்க, 'உலகில் வாழ்வதற்கு இதோ காரணம்' என்று அவர் எடுத்துக் காட்டியது ஊர் கூடிக் கொண்டாடும் விழாக்களையே. வீட்டின் வசதியையும் செல்வத்தையும் அன்று.

தைப்பூசம் என்றால் பினாங்கிலும் பத்துமலையிலும் தோன்றிய விழா என்று எண்ணும் இளைஞர்கள் இன்று உளர். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கும் முன்பே ஒரு கடற்கரை ஊரில் தைப்பூசத்தைக் காணாமற்போவது பெரிய இழப்பாகக் கருதப்பட்டிருக்கின்றது என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லலாம்.

லயத்திலிருந்து மலைக்கு

ஆனால், மலாயாவில் தைப்பூசம் இவ்வளவு பெரிதாக வளர்ந்ததற்கு நம் வரலாற்றில் தனிக் காரணம் இருக்கின்றது. தமிழகத்தில் கிராமத்துக்குக் கிராமம் கோயில். திருவிழா வந்தால் சுற்றத்தார் அடுத்த ஊரிலிருந்து நடந்தே வருவர். இங்கே வந்தவர்களின் நிலை அப்படியன்று. ஒப்பந்தக் கூலிகளாகவும், பின்னர் கங்காணிகள் வழியாகவும் கப்பலேறி வந்த நம் மூதாதையர், வந்த இடத்தில் சிதறடிக்கப்பட்டனர். ஒரே ஊரிலிருந்து புறப்பட்ட அண்ணன் சிலாங்கூரில் ஒரு ரப்பர் தோட்டத்திலும் தம்பி பேராக்கில் ஒரு தோட்டத்திலும் போய்ச் சேர்ந்தனர். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் முடிவுக்கு வந்தது. 1938-இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்யும் வரை கங்காணி முறையில் ஆள் வந்துகொண்டே இருந்தது.

தோட்ட வாழ்க்கை எப்படிப்பட்டது என்பதை நம்மில் மூத்தவர்கள் அறிவார்கள். விடியுமுன் பிரட்டுக்கு நிற்பது, பால் மரம் சீவுவது, மாலையில் லயத்துக்குத் திரும்புவது. மறுநாளும் அதுவே. தோட்டம் ஒரு தீவு. அதன் எல்லைக்குள் மாரியம்மன் கோயில் இருந்தது, கள்ளுக்கடை இருந்தது, சில இடங்களில் ஒரு சிறு பள்ளிக்கூடம் இருந்தது. ஆண்டுக்கொருமுறை தோட்டத் திருவிழா நடந்தது. அதுவும் அத்தோட்டத்து மக்களோடு நின்றது.

அந்நிலையில் ஒரு தீவிலிருக்கும் தமிழன் மற்றொரு தீவிலிருக்கும் தமிழனைக் காண வாய்த்த நாட்களுள் முதன்மையானது தைப்பூசம். கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம் 1873-இல் தோன்றியது. அதனை நிறுவிய குடும்பத்தைச் சேர்ந்த காயாரோகணம் தம்புசாமி பிள்ளை அவர்களின் முயற்சியால் பத்துமலைக் குகையில் வேல் நாட்டப்பட்டு, 1892 முதல் அங்கே தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகின்றது. சிலாங்கூர்த் தோட்டங்களிலிருந்து மக்கள் அங்கே திரண்டனர். வடக்கே பினாங்குத் தண்ணீர்மலைக்கும், பேராக்கில் ஈப்போ கல்லுமலைக்கும் அவ்வாறே சென்றனர். பினாங்கு நகரத்தார் 1894-ஆம் ஆண்டிலிருந்தே வெள்ளி ரதத்தை வீதியுலா எடுத்து வருகின்றனர். லோரியில் சாக்கு விரித்து அமர்ந்தும், ரயிலில் நின்றுகொண்டும் குடும்பம் குடும்பமாக வந்தனர். கட்டுச்சோறும் பாயும் கொண்டு வந்து மலையடிவாரத்திலேயே இரவைக் கழித்தனர்.

அவர்கள் வந்தது சாமி கும்பிடத்தான். ஆயினும் அந்த ஒருநாளில் நடந்தவை எத்தனை! பல ஆண்டுகள் காணாத ஒன்றுவிட்ட சகோதரி எதிரே வருவாள். எந்தத் தோட்டத்தில் சம்பளம் எவ்வளவு, எந்தத் தோட்டத்துத் துரை கொடியவர் என்ற செய்திகள் பரிமாறப்படும். பெண்ணைப் பெற்றவர்கள் பையனைக் காட்டச் சொல்வர். வளையற்கடை ஓரத்தில் நின்றவாறே சம்பந்தம் பேசி முடிப்பர். ஊரிலிருந்து கடிதம் வந்ததா, யார் இறந்தார், யார் திரும்பிப் போனார் என்பதும் அங்கேதான் தெரியும். தோட்டத்தில் தாம் வெறும் இருநூறு முந்நூறு பேர் என்று எண்ணியிருந்தவர்கள், மலையடிவாரத்தில் தம்மைப் போன்ற பல்லாயிரவரை ஒருசேரக் கண்டனர். நாம் இவ்வளவு பேர் இந்நாட்டில் இருக்கின்றோம் என்பதைக் கணக்கெடுப்பு அறிக்கை படித்து அவர்கள் தெரிந்துகொள்ளவில்லை. கண்ணால் கண்டு தெரிந்துகொண்டனர்.

இன்று அத்தோட்டங்களில் பல இல்லை. 1980-ஆம், 1990-ஆம் ஆண்டுகளில் அவை துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. லயத்தில் சுவரோடு சுவராக வாழ்ந்தவர்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் பிரிந்து சென்றனர். பல தோட்டக் கோயில்கள் இடம் பெயர்ந்தன, சில மறைந்தன. 'எங்கள் தோட்டத்து ஆட்கள்' என்று சொல்லிக்கொள்ளும் உறவு இன்று சில குடும்பங்களில் பூச நாளன்றுதான் உயிர் பெறுகின்றது. மரத்தடி ஒன்றைக் குறிப்பிட்டு, ஆண்டுதோறும் அங்கே வந்து கூடுவோரை நான் அறிவேன். அத்தோட்டம் இருந்த இடத்தில் இப்போது நெடுஞ்சாலை செல்கின்றது. மக்கள் சிதறியபோது கூட்டம் குறைந்திருக்க வேண்டும் என்று எவரும் கணிப்பர். நடந்தது மாறானது.

எத்தனை பேர் என்ற கணக்கு

கூட்டம் என்றதும் ஒன்றைச் சொல்லிவிடுகின்றேன். ஆண்டுதோறும் பத்து லட்சம், பதினைந்து லட்சம் என்று எண்ணிக்கை வெளியாகின்றது. எண்ணியவர் யார் என்று நான் பலமுறை வியந்ததுண்டு. அவ்வளவு பேரா என்று ஐயுறுவதால் பக்தி குறைந்துவிடாது. 42.7 மீட்டர் உயர முருகன் திருவுருவச் சிலை 2006-இல் திறந்து வைக்கப்பட்ட பின்னும், 2010-இல் பத்துமலைக்கு மின்ரயில் சேவை வந்த பின்னும் வருவோர் தொகை பெருகியுள்ளது என்பது கண்கூடு. கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசத்தில் 2008-ஆம் ஆண்டிலிருந்து தைப்பூசம் பொது விடுமுறையானதும் இதற்குத் துணை செய்தது. எண்ணிக்கையைப் பெருக்கிச் சொல்வதில் நமக்கு ஏற்படும் ஆசை எங்கிருந்து வருகின்றது என்பதுதான் நோக்கத்தக்கது. சிறுபான்மையினராய் வாழும் மக்களுக்குத் தம் தொகை பெரிதெனக் கேட்பதில் ஓர் ஆறுதல் உண்டு.

உடன் நடந்தவர்கள் கொடுத்தது

சமயத்தை ஆராய்ந்த மேனாட்டு அறிஞருள் முதன்மையானவர் பிரான்சு நாட்டின் எமில் டர்கைம். மக்கள் ஓரிடத்தில் திரண்டு ஒரே செயலை ஒன்றாகச் செய்யும்போது, தனியாளிடம் இல்லாத ஓர் எழுச்சி அவர்களிடையே பிறக்கின்றது என்றும், அதுவே சமுதாயத்தைக் கட்டி நிறுத்துகின்றது என்றும் 1912-இல் வெளியான தம் நூலில் அவர் கூறினார். அவர் தைப்பூசம் கண்டவர் அல்லர். ஆனால் நூறாண்டு கழித்து அவர் கருத்தைச் சோதிக்க விரும்பிய அறிஞர் சிலர் தைப்பூசத்தையே தேர்ந்தெடுத்தனர்.

அது மொரீசியசுத் தீவில் நடந்தது. அங்கேயும் தமிழர் வழிவந்தோர் தைப்பூசக் காவடி எடுக்கின்றனர். அந்நாட்டில் அது பொது விடுமுறை. டிமிட்ரிஸ் சிகாலாட்டஸ் என்னும் மானிடவியலறிஞரும் அவருடைய குழுவினரும் செய்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், விழாவில் பங்கு கொண்டவர்களுக்கு ஆளுக்கு 200 ரூபாய் கொடுக்கப்பட்டது. அதில் எவ்வளவை வேண்டுமானாலும் ஆலயத்துக்குக் காணிக்கையாக, எவரும் காணாதவாறு, செலுத்தலாம். கூட்டுப் பிரார்த்தனையில் அமர்ந்தவர்கள் சராசரியாக ஏறத்தாழ 81 ரூபாய் செலுத்தினர். அலகு குத்திக் காவடி எடுத்தவர்கள் ஏறத்தாழ 133 ரூபாய் செலுத்தினர். தாம் அலகு குத்திக்கொள்ளாமல் காவடியோடு உடன் நடந்தவர்கள் ஏறத்தாழ 161 ரூபாய் செலுத்தினர்.

மிகுதியாகக் கொடுத்தவர்கள் துன்புற்றவர்கள் அல்லர். அவர்கள் துன்புறுவதை அருகில் நின்று கண்டவர்கள். நம்மவர்களுள் சிலர், பூசத்துக்கு வருவோரில் பாதிப்பேர் வேடிக்கை பார்க்கத்தான் வருகின்றார்கள் என்று குறைகூறுவதுண்டு. நானும் முன்னர் அவ்வாறு கூறியவன்தான். அந்த எண்களைப் பார்த்த பிறகு, வேடிக்கை பார்ப்பது என்னும் சொல்லை அவ்வளவு எளிதாகப் பயன்படுத்த எனக்கு மனம் வருவதில்லை. முக்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னே நடந்த அந்தத் தம்பி வேடிக்கை பார்த்தாரா என்ன?

கொடுத்தல் என்பது பூசத்தின் இயல்பிலேயே கலந்திருக்கின்றது. தமிழகத்து வடலூரில் வள்ளலார் நிறுவிய சத்திய ஞான சபையில் ஏழு திரைகளை நீக்கிச் சோதி தரிசனம் காட்டப்படுவது இதே தைப்பூசத்தன்றுதான். அங்கே 1867-இல் அவர் தொடங்கிய தருமச்சாலையின் அடுப்பு அணையாமல் பசித்தோர்க்கு உணவளித்து வருகின்றது. நம் நாட்டில் அந்த அறம் தண்ணீர்ப் பந்தலாக வீதியில் நிற்கின்றது. பினாங்கில் ரதம் செல்லும் வழியெங்கும் பந்தல்கள். மோர், பானகம், சர்பத், தக்காளிச் சோறு, கச்சான் என்று கேட்பார் கேளாதார் அனைவருக்கும் வழங்கப்படுகின்றன. கொடுப்பவர் பெறுபவரின் இனத்தையோ சமயத்தையோ கேட்பதில்லை. சீன அன்பர்கள் ரதத்தின் முன் தேங்காய்களை மலைபோல் குவித்துச் சிதறுகாய் உடைப்பதும் அந்நகரின் மரபாகவே ஆகிவிட்டது. அளவை மீறி உடைப்பது வீண் என்று பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் பலமுறை எடுத்துரைத்துள்ளது. அதில் நியாயம் உண்டு என்பதே என் கருத்தும்.

ஓசையும் ஒழுங்கும்

கூட்டம் சேர்ந்தால் குறைகளும் சேரும். சில பந்தல்களில் ஒலிபெருக்கி வைத்துத் திரைப்படப் பாடல்களை அலற விடுவதும், உண்ட தட்டையும் குவளையையும் ஆற்றங்கரையில் எறிவதும், காவடி என்ற பெயரில் வினோத வேடங்கள் புனைவதும் ஆண்டுதோறும் பேசப்படுகின்றன. இவற்றைத் திருத்த வேண்டும் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆனால் இவற்றைக் காட்டிக் கூட்டமே வேண்டாம், வீட்டிலிருந்தே கும்பிடுவோம் என்று சொல்வது, அடுப்படியில் புகை வருகின்றதென்று சோறே வேண்டாம் என்பதை ஒக்கும்.

ஒழுங்கை மிகுதியாகப் பேணும் சிங்கப்பூரின் அனுபவம் இங்கே நினைக்கத்தக்கது. 1968-இல் விடுமுறைகள் குறைக்கப்பட்டபோது தைப்பூசம் அங்கே பொது விடுமுறை என்னும் நிலையை இழந்தது. 1973-இலிருந்து ஊர்வலத்தில் இசைக்கருவிகள் வாசிக்கத் தடை இருந்தது. விடுமுறை இல்லை, மேளம் இல்லை. ஊர்வலம் மெல்ல மங்கிப் போயிருக்க வேண்டும் அல்லவா? வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டும், இரவுப் பணி முடிந்த கையோடும், நள்ளிரவிலேயே பால்குடம் ஏந்தியும் மக்கள் வந்துகொண்டே இருந்தனர். கருவிகளுக்குத் தடை என்றதும் வாயால் பாடினர். 2016-இல் வழியில் மூன்று இடங்களில் மேளதாளம் வாசிக்க அனுமதி வழங்கப்பட்டபோது, காவடி எடுத்தவர்கள் அவ்விடங்களில் நின்று ஆடியதைப் பார்த்தவர்களுக்கு, காவடியாட்டத்துக்கும் மேளத்துக்கும் உள்ள உறவு விளங்கியிருக்கும்.

திரும்ப வந்த பூசம்

2022-இல் பத்துமலையில் பால்குடம் மட்டும் கட்டுப்பாடுகளுடன் அனுமதிக்கப்பட்டது. காவடிக்கு அனுமதி இல்லை. முழுமையான கொண்டாட்டம் 2023 பிப்ரவரி 5-ஆம் நாள்தான் திரும்பி வந்தது. சிங்கப்பூரிலும் அன்றே பாத ஊர்வலம் மீண்டும் நடைபெற்றது.

அவ்வாண்டு மலையடிவாரத்தில் நான் கண்டது ஒன்றுண்டு. வழக்கமாகக் கூட்டத்தில் நெருக்குண்டால் நாம் முகஞ்சுளிப்போம். முன்னால் நிற்பவரை முழங்கையால் விலக்குவோம். அன்று படிக்கட்டில் மணிக்கணக்காக நகராமல் நின்றபோதும் எவரும் சலித்துக்கொள்ளவில்லை. முன்பின் அறியாதவர்கள் ஒருவர் கையிலிருந்த பால்குடத்தை மற்றவர் சற்றுநேரம் வாங்கிப் பிடித்துக்கொண்டனர். இரண்டாண்டுக் கடனை ஒன்றாகச் செலுத்த வந்திருப்பதாகப் பலர் கூறினர். பெருந்தொற்றில் இறந்தவர் பெயரைச் சொல்லி, அவர் எடுக்க வேண்டியிருந்த பால்குடத்தை எடுத்து வந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். வேண்டிக்கொண்டவர் போய்விட்டார், வேண்டுதல் இருக்கின்றது, அதைத் தோள் மாற்றிக்கொள்ள ஒருவர் வந்திருக்கின்றார்.

பூசம் வரவே இல்லை என்று சொன்ன அந்த மூதாட்டியும் அன்று வந்திருந்தார். முழங்கால் வலியால் படியேற இயலாது. மலையடிவாரத்தில், ஆற்றங்கரையிலிருந்து காவடிகள் வரும் வழியோரம், மடக்கு நாற்காலியில் காலை முதல் அமர்ந்திருந்தார். குகைக்குள் இருக்கும் சந்நிதியை அவர் அன்று காணவில்லை. ஒவ்வொரு காவடியும் தம்மைக் கடந்து செல்லும்போது எழுந்து நின்று கும்பிட்டுவிட்டு மறுபடியும் அமர்ந்தார். பேரப்பிள்ளை, "பாட்டி, எல்லாருக்கும் எழுந்திரிச்சா கால் வலிக்காதா?" என்று கேட்டான். அடுத்த காவடி வந்துகொண்டிருந்ததால் அவர் அவனுக்கு விடை கூறவில்லை. எழுந்திருக்கக் கை கொடுக்கச் சொன்னார்.